எட்டு நீல டிரம்களும் ஒரு வார்த்தையும்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. ஒரு புதன்கிழமை, எங்கள் சைட்டுக்கு எட்டு நீல பிளாஸ்டிக் டிரம்கள் வந்தன. குஜரிக் கடைச் சரக்கு.

2. எல்லாவற்றிலும் துளை போட்டு வைக்கும்படி மேஸ்திரி ஒரு பெண்ணாளிடம் சொன்னார்.

3. அவர் எட்டையும் தேய்த்துக் கழுவி வைத்தார்.

4. வெள்ளிக்கிழமை அவற்றில் ஐந்து, லிங்கராஜபுரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கப் போயின.

5. சனிக்கிழமை காலை, மீதி கிடந்த டிரம் ஒன்றின் அடியில் மண்டையோட்டுக் குறி இருப்பதை நான் பார்த்தேன்.

6. அந்த நேரத்தில் கல்யாண வீட்டில் பிரியாணிக்கு அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது.

இந்த ஆறு வரிகளை நான் எத்தனையோ தடவை படித்துப் பார்த்திருக்கிறேன். சோம்பல் எங்கே, ஏமாற்று எங்கே, அலட்சியம் எங்கே என்று தேடியிருக்கிறேன். ஒரு வரியிலும் இல்லை. சொன்னவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கேட்டவர் காதில் விழுந்ததை ஒழுங்காகச் செய்தார். டிரம் கேட்டு வந்தவர்களுக்கு உதவியாகக் கொடுத்தார்கள். எங்களில் ஒருவர்கூடத் தப்பு செய்யாமல் நானூறு பேர் சாப்பாட்டில் விஷம் கலக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

இந்த மாதத்தோடு நான் சைட் வேலையை விடுகிறேன். ஓய்வு என்று சொல்லிக்கொள்ள வயதாகவில்லை, கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறேன், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நான்கு பேரும் வேலைக் குறிப்புகளைக் கேட்டீர்கள். கலவை விகிதமும் கட்டை அளவும் அலமாரியில் இருக்கின்றன, எடுத்துப் படித்துக்கொள்ளுங்கள். இது அங்கே இல்லாதது.

அந்த சைட்டில் நாங்கள் கட்டிக்கொண்டிருந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ரிட்டையர் ஆனவர். தனியாக இருப்பவர். பெங்களூரில் ஹென்னூர் தாண்டி ஒரு சின்ன மனை வாங்கிப்போட்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில் அந்தப் பக்கம் இன்னும் ராகிக் கொல்லைதான். எங்கள் ஆபீசுக்கு வந்து, "புதுசா ஒரு செங்கல்கூட வாங்கக் கூடாது. இந்த ஊர்ல இடிச்சுப் போடறதை வச்சே கட்டுங்க" என்றார். நாங்களும் அப்படித்தான் கட்டினோம். கண்டோன்மென்ட்டில் இடித்த பங்களாக்களின் தேக்குக் கதவுகள் வந்தன. ஓட்டமுடியாமல் ஒதுக்கிய பஸ்களின் ஜன்னல்களை வரிசையாகப் பதித்து ஒரு சுவரே எழுப்பினோம். கம்பியை இழுத்தால் கண்ணாடி மேலே ஏறும், விட்டால் படாரென்று விழும். தரைக்கு உடைந்த மொசைக் ஓடுகள். குளியலறைச் சுவரில் பீர் பாட்டில்களின் அடிப்பாகம் வட்ட வட்டமாகப் பச்சை வெளிச்சம் விடும். பாட்டில் வாங்கப் போனபோது டீச்சரும் கூட வந்து பிராந்திக் கடை வாசலில் நின்று எண்ணி வாங்கினார்.

சொந்தக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் குஜரி வீடு. பெங்களூரில் பழைய சாமான் வாங்கி விற்கும் கடைக்கு எந்த மொழிக்காரரும் சொல்லும் பெயர் குஜரி. "அக்கா குஜரியில குடி போறா" என்று டீச்சரின் தங்கை மேரி ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் பதில் சொல்ல மாட்டார். ஆனால் வீடு முடிந்து, அவர்கள் வந்து பார்த்து, வாயடைத்துப் போக வேண்டும் என்று ஆசை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் சைட்டுக்கு வந்து, பஸ் ஜன்னல் ஒன்றை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

டிரம்கள் எதற்கு வந்தன என்றால், சமையலறைத் தண்ணீரும் குளியலறைத் தண்ணீரும் மண்ணில் இறங்குவதற்கு. டிரம்மில் சுற்றிலும் துளை போட்டு, குழியில் இறக்கி, உடைந்த செங்கலை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. அதோடு எங்கள் ஆபீசில் ஒரு பழக்கமும் இருந்தது. குஜரியிலிருந்து டிரம் வந்தால் அன்றைக்கே துளை போட்டுவிட வேண்டும். இந்த ஊரில் கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். ஓட்டையில்லாத டிரம் எங்கே கிடந்தாலும் அதில் யாராவது தண்ணீர் பிடித்துவிடுவார்கள். குஜரிக்காரர் "சோப்பு எண்ணெய் டிரம் மேடம், பச்சத் தண்ணி மாதிரி" என்று சத்தியம் செய்வார். சத்தியத்தை நம்பாதே, துளையை நம்பு என்பார்கள் எங்கள் ஆபீசில்.

முனுசாமி மேஸ்திரிக்கு ஜோகுபாளையம். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அங்கேதான். தமிழ் ஆளோடு தமிழ் பேசுவார், கன்னட ஆளோடு கன்னடம் பேசுவார். ஆனால் அவருடைய கன்னடத்தில் சாமான்கள் எல்லாம் தமிழ், செய்வது மட்டும் கன்னடம். எல்லா வேலைக்கும் அவருக்கு இருந்தது ஒரே வினை, 'மாடி', செய் என்று அர்த்தம். கலவை மாடி, சாரம் மாடி, மட்டம் மாடி. சைட்டில் எல்லாரும் அதைப் புரிந்துகொண்டு வேலை செய்தார்கள். கேலியும் செய்வார்கள். "மேஸ்திரி, ஊட்ட மாடி ஆச்சா?" என்று சாப்பாட்டைக் கேட்டால், அவரும் "ஆச்சு மாடி" என்பார்.

அந்தப் புதன்கிழமை அவர் பெண்ணாள் ரத்னம்மாவிடம் சொன்னது இது: "டிரம் எல்லா தொள மாடி இடு."

நானும் பக்கத்தில்தான் நின்றேன். துளையை நாம் பேச்சில் தொளை என்போம், இன்னும் சுருக்கித் தொள என்போம். எனக்குத் துளை என்றுதான் கேட்டது. ரத்னம்மா ராய்ச்சூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர், வீட்டில் கன்னடம். கன்னடத்தில் தொளெ என்றால் கழுவு, இடு என்றால் வை. துளைக்கு அவர்கள் சொல்வது தூத்து. அழுக்கு டிரம்மைக் காட்டி 'தொளெ' என்று மேஸ்திரி சொன்னால் ஒருவர் என்னதான் செய்வார்? சாம்பலும் தேங்காய் நாரும் போட்டு உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவினார். காய்வதற்குக் கவிழ்த்து வைத்தார். மேஸ்திரி பஸ் ஜன்னல் வாங்க அலைந்துகொண்டிருந்தார், எனக்கு வேறு சைட்டில் கான்கிரீட் போடும் வேலை. இரண்டு நாள் நாங்கள் யாரும் அந்த மூலைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை காலை போனேன். குழிக்குப் பக்கத்தில் இரண்டு டிரம்கள் வெயிலில் புதுசாக மின்னின.

"மேஸ்திரி, துளை எங்க?"

அவர் டிரம்மைச் சுற்றி வந்தார். தலையைச் சொறிந்தார். "ஏ ரத்னம்மா! தொள மாடி இடுன்னேனே?"

ரத்னம்மா மண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "தொளெது இடு அந்த்ரி, தொளெதிட்டெ" என்றார். கழுவி வைக்கச் சொன்னீர்கள், கழுவி வைத்தேன். அவர் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கஷ்டப்பட்டுத் தேய்த்திருக்கிறார்.

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரித்துக்கொண்டே டிரம்மைக் காலால் உருட்டினேன். அடிப்பக்கம் மேலே வந்தது. குஜரிக்காரர் அடித்திருந்த வெள்ளைப் பெயின்ட் ரத்னம்மா தேய்த்த தேய்ப்பில் பாதி உரிந்து போயிருந்தது. அதற்கடியில் சிவப்பில் மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும். கீழே ஆங்கிலத்தில் பாதி வார்த்தை. முலாம் பூசும் பட்டறைகளில் கழிவு ஊற்றி வைக்கும் டிரம்களில் அந்த வார்த்தையை நான் பார்த்திருக்கிறேன்.

"மேஸ்திரி, இது பாய்சன். கெமிக்கல் டிரம்."

"மத்தது எங்க போச்சு?" என்று மேஸ்திரி கத்தினார். ரத்னம்மா பயந்துபோய்ச் சொன்னார். நேற்று டீச்சரம்மா டெம்போவில் வந்தார், கல்யாண வீட்டில் தண்ணீர்க் கஷ்டம் என்றார், ஐந்து டிரம் கேட்டார், ஏற்றி விட்டேன். வீட்டுக்காரம்மா கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா?

மேரியின் மகளுக்கு அன்றைக்குத்தான் கல்யாணம்.

பூத்திலிருந்து மேரி வீட்டுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் கோயிலில். மேஸ்திரியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன். ரயில்வே கேட்டில் நின்றபோது அவர், "கழுவச் சொல்றதுக்கு நான் ஏன் மேடம் சொல்லப் போறேன்? தொளன்னுதானே சொன்னேன்?" என்றார். "ஆமா மேஸ்திரி, நானும் கேட்டேன்" என்றேன்.

லிங்கராஜபுரத்தில் கல்யாண வீட்டுச் சந்து முழுவதும் அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். ஓரமாக நாலு டிரம்கள், துணி போட்டு மூடி. ஐந்தாவதுதான் இருப்பதிலேயே பளிச்சென்று இருந்தது. அதைப் பந்தல் வாசலில் வைத்து, வாயைச் சுற்றிக் கதம்பம் கட்டி, எவர்சில்வர் டம்ளரைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார்கள். குடிதண்ணீர்.

நான் மேஸ்திரியை அந்த டிரம்மின் முன்னால் நிறுத்தினேன். "யார் வந்தாலும் டம்ளரைக் கொடுக்காதீங்க. திட்டினா வாங்கிக்குங்க." பிறகு அடுப்புப் பக்கம் போனேன்.

அங்கே பெண்ணின் அப்பா சேவியர் நின்றார். கோயிலில் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவர் மட்டும் சாப்பாட்டைப் பார்க்க முன்னால் வந்திருந்தார். கோட்டு, டை, நெற்றியில் வேர்வை.

"யாரும்மா? மாப்பிள்ளை வீட்டுப் பக்கமா?"

"இல்ல சார். ஸ்டெல்லா டீச்சர் வீடு கட்டற இன்ஜினியர்."

"ஓ, குஜரி இன்ஜினியரா! வாம்மா வா, சாப்ட்டுப் போ."

"சார், சமையலை நிறுத்தணும். அந்த டிரம் தண்ணி எதுலயும் படக் கூடாது."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்ததும் நிறுத்தினார். மண்டையோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அது எங்க இருந்தது? இந்த அஞ்சுலயா?"

"சைட்ல கிடக்கறதுல சார். அதோட வந்ததுதான் இது."

"அதுல இருந்தா இதுல இருக்கும்னு என்ன?"

"இருக்கும்னு சொல்லல சார். தெரியாது."

"தெரியாம எதுக்கு வந்து நிக்கற?"

"தெரியாததாலதான் சார்."

"நல்லா இருக்கு கதை! காலையில இருந்து இந்தத் தண்ணியிலதான் டீ போட்டாங்க. நான் குடிச்சேன், பந்தக்காரன் குடிச்சான், பத்துப் பேர் குடிச்சாச்சு, ஒருத்தனும் சாகல. நானூறு பேருக்கு ஆக்கி வச்சதைக் கொட்டச் சொல்ற. நாளைக்கு ஒண்ணுமே இல்லன்னு தெரிஞ்சா நீ வந்து ஆக்கிப் போடுவியா?"

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பத்துப் பேர் குடித்து ஒருவரும் விழவில்லை என்பது உண்மை. அந்த நிமிஷத்தில் என் மனசும் அவர் பக்கம் சாய்ந்தது. ஒருவேளை ஒன்றுமில்லையோ, ஒரு கல்யாணத்தைக் கெடுக்கிறோமோ என்று நினைத்தேன். பொய் சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. "எல்லா டிரம்மிலும் குறி பார்த்தேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே நிறுத்திவிடுவார். சொல்லவில்லை. நல்லவள் என்பதால் இல்லை. அவர் உடனே டிரம்மைக் கவிழ்த்துப் பார்ப்பார், ஒன்றில் குறி இல்லாவிட்டாலும் அதற்குப் பிறகு நான் சொல்லும் உண்மையும் எடுபடாது. நெருக்கடியில் நம் கையில் இருப்பது நம் வார்த்தை ஒன்றுதான். அதில் தண்ணீர் கலக்கக் கூடாது. தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டு, இடத்தைவிட்டு நகராமல் நிற்க வேண்டும்.

நான் நின்றேன். சமையல் பாய் கரண்டியோடு வந்து, "சார், தம் போடற டைம். போடவா வேணாவா, ஒண்ணு சொல்லுங்க" என்றார்.

அப்போது டீச்சர் வந்தார். மாம்பழ நிறத்தில் பட்டுப் புடவை, கையில் ஜெபமாலை. பின்னால் மேரி, இன்னும் ஏழெட்டுப் பேர். சேவியர் என்னைக் காட்டி, "உங்க இன்ஜினியர் சொல்றதைக் கேளுங்கக்கா" என்றார்.

டீச்சரிடம் இரண்டே வாக்கியத்தில் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் அதில் ஒன்றும் மாறவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த அஞ்சுல பாத்தியா?"

"இல்ல டீச்சர். பாத்தாலும் தெரியாது. எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக் உறிஞ்சினதைத் திருப்பிக் கக்கும்."

"சரி."

அவர் ஜெபமாலையைத் தங்கையிடம் கொடுத்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். வாசல் டிரம்மிடம் போனார். மேஸ்திரி விலகினார். இரண்டு கையாலும் டிரம்மின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார். கதம்பத்தோடு சேர்ந்து தண்ணீர் சந்தெல்லாம் ஓடியது. விருந்தாளிகள் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள்.

"அக்கா! உனக்குப் பைத்தியமா?" என்று மேரி அலறினார்.

"மேரி, கோவப்படறதா இருந்தா நாளைக்குக் கோவப்படு. இன்னைக்கு வேலை இருக்கு." பிறகு எல்லாரையும் பார்த்து, வகுப்பில் பேசும் குரலில் சொன்னார்: "இது என் வீட்டு டிரம். குஜரியில வாங்கினது. நான்தான் கொண்டாந்து கொடுத்தேன். இதுல விஷம் இருந்திருக்கலாம். இல்லாமயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இங்க யாரும் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது."

யாருடைய டிரம் என்று சொல்லாமலேகூட நிறுத்தியிருக்கலாம். 'தண்ணீர் சரியில்லை' என்றால் போதும். பல மாதமாகத் தன்னைக் கேலி செய்த கூட்டத்துக்கு முன்னால், அந்தக் கேலிதான் சரி என்பதுபோல் அவரே எடுத்துக் கொடுத்தார். யாரோ பின்னால் "அப்பவே சொன்னோம்" என்றார்கள். டீச்சருக்கும் கேட்டிருக்கும். பிறகு தனியாக ஏன் என்று கேட்டேன். "தண்ணி சரியில்லன்னு மட்டும் சொன்னா, ஒருத்தன் நாத்தம் இல்லயேன்னு மோந்து பாத்துட்டுக் குடிப்பான். விஷம்னா குடிக்க மாட்டான்" என்றார்.

கொட்டுவது நிறுத்துவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பின்பக்கம் காலி மனையில் பள்ளம் தோண்டினோம். அண்டாவைத் தூக்கிக்கொண்டு வரும்போதே வாசனை தெருவெல்லாம் போய்விட்டது. பாத்திரத்தோடு ஆட்கள் வந்து நின்றார்கள். "கொட்றதை எங்களுக்குக் கொடுங்கம்மா" என்றார்கள். விஷம் என்றோம். "பணக்காரங்க எப்பவும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் ஒரு பெண்மணி. பள்ளத்தில் கொட்டினாலும் அள்ளிவிடுவார்கள் என்பது புரிந்தது. நான் சமையல் பாயிடம் பினாயில் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாங்கி வந்து, "நான் ஆக்கினது மேடம், நானே ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினார். மட்டன் பிரியாணியின் மேல் பினாயில் வெள்ளையாகப் பரவியது. அந்த நிறம் என் கண்ணைவிட்டுப் போகாது. ஆனால் கொட்டுவது என்றால் அதுதான் கொட்டுவது. ஒரு பொருளை யாரும் பயன்படுத்த முடியாதபடி ஆக்கும்வரை நாம் அதைத் தூக்கிப்போடவில்லை, இடம் மாற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். பழைய பொருளில் வீடு கட்டும் நமக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது.

டீ குடித்த பத்துப் பேரையும் ஒரு டாக்டரிடம் அனுப்பினோம். சேவியர்தான் முதலில் ஆட்டோவில் ஏறினார். விருந்தாளிகளுக்குப் பேக்கரி பன்னும் வாழைப்பழமும் கல்யாணக் கேக்கும் கிடைத்தன.

டிரம் ஐந்திலும் ஓட்டை போட்டு ஓரமாக அடுக்கும்போதுதான் மேஸ்திரி கேட்டார்.

"மேடம், இங்க அஞ்சு. சைட்ல ரெண்டு. வந்தது எட்டு இல்ல?"

திரும்பிப் போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். புதன்கிழமை சாயங்காலம் ரத்னம்மா தனக்கு ஒரு டிரம் கேட்டிருக்கிறார். ஓட்டை டிரம்தானே, விறகு போட்டு வைக்கட்டும் என்று இவரும் "தகோ" என்றிருக்கிறார். எடுத்துக்கொள். "ஓட்டை இருக்கும்னு நினைச்சேன் மேடம்" என்றார்.

சைட்டில் மத்தியான வெயில். ரத்னம்மாவின் தகரக் கொட்டகைக்கு முன்னால் ஸ்கூட்டரை நிறுத்தினேன். காலையிலிருந்து நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, வாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். நான் பேசுவதற்குள் ரத்னம்மா உள்ளே போய் ஒரு சொம்போடு வந்தார்.

"நீரு குடீரி அக்கா."

சொம்பைக் கையில் வாங்கிவிட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. அவருக்குப் பின்னால், சேலைத் திரைக்கு அந்தப் பக்கம், நீலமாகத் தெரிந்தது.

என்னை உண்மையில் உலுக்கியது அதுதான். காலையில் நாங்கள் இருவரும் அவர் கண் முன்னால்தான் நின்றோம். மண்டையோட்டைப் பார்த்தோம், கத்தினோம், ஓடினோம். 'பாய்சன்' என்றேன், 'கெமிக்கல்' என்றேன். அவரிடம் மேஸ்திரி கேட்டதெல்லாம் டிரம் எங்கே என்பது மட்டும், ஐந்து போனதைக் கேட்டதும் மீதியைக் கேட்க நாங்கள் நிற்கவில்லை. விஷம் என்ற வார்த்தை தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான், கன்னடத்தில் கடைசி ம் கிடையாது, அவ்வளவே. எல்லாரும் புரிந்துகொள்ளும் அந்த ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. லிங்கராஜபுரத்தில் நானூறு பேருக்குச் சொன்னோம். டிரம்மைக் கழுவியவருக்குச் சொல்லவில்லை.

"ரத்னம்மா, இது விஷ" என்றேன்.

அவர் சொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்குள் திரும்பி, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண் குழந்தைகளைப் பார்த்தார். புதன்கிழமை ராத்திரியிலிருந்து அவர்கள் குடித்ததும் சமைத்ததும் அந்தத் தண்ணீர்தான். அவர் அழவில்லை, கத்தவில்லை. "நானே தொளெதெனல்லா அக்கா" என்றார். நான்தானே கழுவினேன்.

அவரையும் அவர் வீட்டுக்காரரையும் குழந்தைகளையும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். "என்ன விஷம்?" என்று டாக்டர் கேட்டார். அன்றைக்கு இரண்டாவது தடவையாகத் தெரியாது என்றேன். ரத்தம் எடுத்தார்கள், மறுநாள்வரை வைத்துப் பார்த்தார்கள். சின்னவளுக்கு மட்டும் வயிற்றுப்போக்கு. அது தண்ணீராலா வேறெதனாலா என்று சொல்ல முடியாது என்றார்கள். அனுப்பிவிட்டார்கள்.

நீங்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைட்டில் முதல் துளையை நீங்களே போடுங்கள், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது போடுங்கள். கை காட்டிய வேலையில் மொழி குறுக்கே வராது. ஆபத்து என்று தெரிந்தால் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், பக்கத்தில் நிற்பவருக்கு அவர் பேச்சில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது.

இப்போதைய நிலவரம் இது. டீச்சர் அந்த வீட்டில்தான் இருக்கிறார், வீட்டில் கசிவு இல்லை. மேரி கிறிஸ்துமஸுக்கு வருகிறார், தண்ணீர் பாட்டிலோடு வருகிறார். எட்டு டிரம்களையும் வெட்டி, மனையின் ஒரு மூலையில் கான்கிரீட்டுக்குள் புதைத்திருக்கிறோம். அங்கே போர் போடக் கூடாது என்று வரைபடத்தில் குறித்திருக்கிறது. குஜரிக் கடை அதே இடத்தில் இருக்கிறது, வாசலில் நீல டிரம் விற்கிறார்கள். முனுசாமி மேஸ்திரி இப்போது தூத்து என்றுதான் சொல்கிறார், தமிழ் ஆட்களிடமும்.

ரத்னம்மாவின் குடும்பம் வீடு முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டது. எங்கே என்று விசாரித்தோம், தெரியவில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பிறகு ஏதாவது வந்ததா என்பதும் தெரியாது.